வீட்டில் செய்த ட்ராக்கை வெளியே விட யாருக்குக் காசு கொடுக்க வேண்டும்?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். இரவில் லேப்டாப்பில் எஃப்எல் ஸ்டூடியோ என்ற மென்பொருளை வைத்து எலக்ட்ரானிக் இசை செய்வது பழக்கம். ஊர்த் திருவிழாவில் போனில் பதிவு செய்த ஜமாப் மேள அடியையும், காசு கொடுத்து வாங்கிய சாம்பிள் பேக்கிலிருந்து (ஆயத்த ஒலிகளின் தொகுப்பு) சில லூப்களையும் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டுகள்) வைத்து ஒரு ட்ராக் முடித்திருக்கிறேன். நண்பர்கள் "சூப்பர்" என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. ஆன்லைனில் போட்டுக் கருத்து கேட்கலாம் என்றால் யாராவது சுட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. முதலில் காப்பிரைட் பதிவு செய்ய வேண்டுமா? இதற்கிடையே இன்ஸ்டாகிராமில் ஒருவர், 6,500 ரூபாய் கட்டினால் பதிவு, ரிலீஸ், பிளேலிஸ்ட், 10,000 ஸ்ட்ரீம் எல்லாமே உத்தரவாதம் என்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். இன்று இரவுக்குள் கட்டினால் தள்ளுபடி என்று சொல்லியிருப்பார், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

இப்போது திருட்டுப் பயம். இந்தியாவில் காப்பிரைட் என்பது அரசாங்கம் முத்திரை குத்தித் தருவது அல்ல. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் ட்ராக்கை உருவாக்கி ஃபைலாகச் சேமித்த அன்றே உரிமை உங்களுடையது. பதிவு கட்டாயம் இல்லை. நாளை வழக்கு என்று வந்தால் பதிவுச் சான்றிதழ் ஒரு ஆதாரமாக நிற்கும், அவ்வளவுதான். அந்த ஆதாரத்துக்கும் சட்டத்தின் கணக்கு தனி. நீங்கள் அமைத்த மெட்டு ஒரு படைப்பாம், அதன் ஒலிப்பதிவு இன்னொரு படைப்பாம். முதலாவதற்கு 500 ரூபாய், இரண்டாவதற்கு 2,000 ரூபாய், தனித்தனி விண்ணப்பம். ஒரே ஆள் ஒரே லேப்டாப்பில் ஒரே ராத்திரியில் செய்ததை இரண்டாக வெட்டிக் கட்டணம் கேட்கும் ஏற்பாட்டை யார் வகுத்தார்களோ! விண்ணப்பித்த பிறகு யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று பார்க்க 30 நாள் காத்திருப்பு, அதன் பிறகு பரிசீலனை. கருத்து கேட்பதற்காக ஒரு ட்ராக்கை நாலு பேருக்கு அனுப்ப இத்தனையும் தேவையே இல்லை.

அதற்குப் பதில் உங்கள் புராஜெக்ட் ஃபைலை அழிக்காமல் வையுங்கள். ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாக எடுத்த ஸ்டெம்களை ஒரு ஹார்ட் டிஸ்கிலும் ஒரு கிளவுடிலும் போடுங்கள். தேதியோடு இருக்கும் அந்த ஃபைல்கள், மேலோட்டமாகக் காப்பியடித்தவனிடம் இருக்காது. சொல்லப்போனால், பெயர் தெரியாத ஒருவரின் முடியாத ட்ராக்கைத் திருட யாரும் மெனக்கெடுவதில்லை. அந்தப் பெயர் தெரியாதவரிடம் காசு கறக்கத்தான் ஆட்கள் இருக்கிறார்கள்.

அந்த 6,500 ரூபாயைப் பிரித்துப் பார்ப்போம். பதிவுக் கட்டணம் எவ்வளவு என்று மேலே பார்த்தீர்கள், விண்ணப்பத்தை நீங்களே ஆன்லைனில் போடலாம். ரிலீஸ் என்பது ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்றவற்றுக்குப் பாட்டை அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் வேலை. வருடச் சந்தாவுக்கோ வருமானத்தில் பங்குக்கோ அதைச் செய்ய நிறுவனங்கள் இருக்கின்றன, கணக்கை உங்கள் பெயரிலேயே திறக்கலாம். (சந்தா நின்றால் பாட்டை இறக்குவார்களா என்று மட்டும் முதலிலேயே படித்துக்கொள்ளுங்கள். பலர் இறக்குகிறார்கள்.) பிளேலிஸ்ட்டா? ஸ்பாட்டிஃபை ஆசிரியர் குழுவுக்குப் பாட்டைப் பரிந்துரைக்கும் வசதி, கலைஞர்களுக்கான அதன் பக்கத்திலேயே இலவசமாக இருக்கிறது. ரிலீஸ் தேதிக்குக் குறைந்தது 7 நாள் முன்பு அனுப்ப வேண்டும். அந்தக் குழுவின் பிளேலிஸ்ட்டில் காசுக்கு இடம் கிடையாது. வாங்கித் தருகிறேன் என்பவர் யாராக இருந்தாலும் பொய் சொல்கிறார்.

மிச்சம் இருப்பது 10,000 ஸ்ட்ரீம். மனிதக் காதுகளை யாராலும் உத்தரவாதத்தோடு விற்க முடியாது, இயந்திரங்களைத்தான் விற்க முடியும். எங்கோ ஒரு சர்வரில் நூற்றுக்கணக்கான போலிக் கணக்குகள் உங்கள் ஜமாப்பை விடிய விடியக் கேட்கும். தளங்கள் அதைக் கண்டுபிடித்தால் எண்ணிக்கையை அழிக்கும், காசை நிறுத்தும். 2024 முதல் ஸ்பாட்டிஃபை, போலி ஸ்ட்ரீம் மிகுந்த பாட்டுக்கு டிஸ்ட்ரிபியூட்டரிடமே அபராதம் வாங்குகிறது. அவர்கள் அதை உங்கள் தலையில் கட்டலாம், பாட்டையே இறக்கலாம். இன்ஸ்டாகிராம்காரர் அப்போது வேறு பெயரில் வேறு ஒருவருக்குத் தள்ளுபடி கொடுத்துக்கொண்டிருப்பார்.

இப்படி ஆட்கள் பெருகுவதற்குத் தளங்களும் காரணம்தான். கடந்த 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தொடாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை ஒலிப்பதிவு ராயல்டியே கொடுப்பதில்லை, அதுவும் 2024இல் வந்த விதி. சின்ன ஆளின் சில்லறையை எடுத்துப் பெரிய ஆளின் பங்கில் சேர்க்கிறார்கள். அப்புறம் அந்த ஆயிரத்தைத் தொட்டுவிடத் துடிப்பவனைத் தேடித் தரகர் வருவதில் என்ன ஆச்சரியம்?

அவர் "எங்கள் லேபிளில் சேருங்கள்" என்று காகிதம் நீட்டினால் அதிலும் நிதானம் வேண்டும். காப்பிரைட்டை எழுதிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். வாட்ஸ்அப்பில் "ஓகே அண்ணா" என்று போட்டதை வைத்து அவர் உரிமை கொண்டாட வந்தால் பயப்படாதீர்கள். ஒப்பந்தத்தில் காலம் சொல்லவில்லை என்றால் சட்டம் 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும், இடம் சொல்லவில்லை என்றால் இந்தியா மட்டும். இது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் "நிரந்தரமாக", "உலகம் முழுவதும்", "இனி வரும் எல்லா ஊடகத்திலும்" என்ற வார்த்தைகளை நடுப்பக்கத்தில் பொடி எழுத்தில் வைப்பார்கள். அந்த வார்த்தைகள் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு, இசையமைத்தவர் தன் ராயல்டிப் பங்கை லேபிளுக்கு விட்டுக்கொடுத்து எழுதினாலும் அது செல்லாது. நல்ல சட்டம். அதைக் காட்டிப் பங்கை வாங்க ஒரு வக்கீலுக்குக் கொடுக்க வேண்டியதை அந்தப் பங்கு என்றைக்கும் ஈட்டாது என்பது வேறு விஷயம்.

சரி, "ட்ராக் உங்களுடையது" என்று மேலே சொன்னேன். அதில் ஒரு விலக்கு இருக்கிறது. உங்கள் கேள்வியிலேயே அது இரண்டு இடத்தில் ஒளிந்திருப்பதால் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும்.

முதலில் ஜமாப். அந்தத் தாளம் யாருக்கும் சொந்தமில்லை. கொங்குப் பக்கத் திருவிழாக்களில் காலங்காலமாக அடிப்பது, அதே அடியை நீங்கள் கம்ப்யூட்டரில் புரோகிராம் செய்தால் யாரும் கேட்க முடியாது. ஆனால் போனில் பிடித்தது அன்றைக்கு, அந்தக் குழு, வியர்வை வழிய வாசித்த வாசிப்பு. நீங்கள்தான் பதிவு செய்தீர்கள் என்பதால் அது முழுக்க உங்களுடையது ஆகிவிடாது. வாசித்தவருக்குச் சட்டத்தில் தனி உரிமை இருக்கிறது, அவர் சம்மதம் இல்லாமல் அதை வைத்து வியாபாரம் செய்யக் கூடாது. திருவிழா பொது இடம்தானே, எல்லோரும்தானே வீடியோ எடுத்தார்கள் என்ற வாதம் செல்லாது. நினைவுக்காக எடுத்து வைப்பது ஒன்று, வெட்டி லூப் ஆக்கி ஸ்பாட்டிஃபையில் ஏற்றுவது வேறு. யூடியூபில் இருக்கும் இன்னொருவரின் ஜமாப் வீடியோவிலிருந்து எடுத்திருந்தால் இன்னும் சிக்கல். வாசிப்பும் அடுத்தவருடையது, பதிவும் அடுத்தவருடையது.

வழி எளிது. உள்ளூர்க் குழுதான், யார் என்று கேட்டால் ஊரில் சொல்லிவிடுவார்கள். போய்ப் பாருங்கள், ட்ராக்கைப் போட்டுக் காட்டுங்கள், ஒரு தொகை பேசிக் கொடுங்கள். எந்தப் பதிவு, எந்த ட்ராக், எவ்வளவு கொடுத்தீர்கள், வெளியிடச் சம்மதம் என்று ஒரு தாளில் தமிழிலேயே எழுதி, வாசித்த ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். தலைவர் ஒருவர் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். எல்லோரிடமும் வாங்குங்கள், பின்னால் பிரிந்து போகும் ஆள்தான் கேட்டு வருவார். ட்ராக் விவரத்தில் அவர்கள் பெயரையும் போடுங்கள். நீங்கள் காசு கொடுக்க வேண்டிய ஆள் என்று இந்தக் கதையில் யாராவது இருந்தால் அது இவர்கள்தான்.

அடுத்து சாம்பிள் பேக். "ராயல்டி ஃப்ரீ" என்று எழுதியிருப்பதற்கு, உங்கள் ட்ராக்கில் பயன்படுத்த அனுமதி என்றுதான் அர்த்தம். அந்த லூப் உங்களுக்கு மட்டும் என்று அர்த்தம் இல்லை. அதே பேக்கை வாங்கிய இன்னொருவர், எந்த நாட்டிலோ, அதே சின்த் (சின்தசைசர்) மெலடியை வைத்து ஒரு பாட்டு வெளியிட்டு, யூடியூபின் கன்டென்ட் ஐடி என்ற தானியங்கி உரிமைச் சோதனையில் சேர்த்துவிட்டால் போதும். உங்கள் வீடியோவைப் பார்க்கும் இயந்திரம், இது அவருடைய பாட்டு என்று உரிமைக் கோரிக்கை போட்டுவிடும். உங்கள் காசில் வாங்கிய லூப்புக்கு நீங்கள் திருடன்! எதிர்த்து முறையிடலாம், எதிராளி பதில் சொல்ல 30 நாள் அவகாசம். அதுவரை நீங்கள் காத்திருக்க வேண்டும். பேக் வாங்கிய ரசீதையும் உரிம விவரத்தையும் ட்ராக் ஃபோல்டரிலேயே போட்டு வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இதே தப்பை நீங்களும் செய்துவிட வாய்ப்புண்டு. டிஸ்ட்ரிபியூட்டர் தளத்தில் கன்டென்ட் ஐடியில் சேர்க்கலாமா என்று ஒரு பெட்டி வரும், சிலர் அதற்குத் தனிக் காசும் கேட்பார்கள். பலருக்கும் விற்கும் லூப் உள்ள ட்ராக்கை அதில் சேர்க்க யூடியூப் விதி அனுமதிப்பதில்லை. டிக் செய்யாதீர்கள். ஒரு கிக், ஒரு கிளாப் என்று ஒற்றை அடிகள் மட்டும் என்றால் பிரச்சினை இல்லை. மெலடி லூப்தான் மாட்டிவிடும். அதை ஒரு சின்த்தில் நீங்களே வேறு மாதிரி வாசித்து மாற்றிவிட்டால் தலைவலி போச்சு, ட்ராக்கும் உங்கள் குரலில் பேசும்.

கருத்து கேட்கும் விஷயத்துக்கு வருவோம். நண்பர்கள் "சூப்பர்" என்பது பாட்டைப் பற்றி அல்ல, உங்கள் மேல் உள்ள பிரியம். சவுண்ட்கிளவுடில் ட்ராக்கைத் தனிப்பட்டதாக ஏற்றினால் இணைப்பு உள்ளவர்கள் மட்டும் கேட்க முடியும். எந்த நொடியில் என்ன தோன்றியது என்று அலைவரைபடத்தின் மேலேயே எழுதவும் முடியும். வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப வேண்டும் என்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், ஃபைல் மாறாமல் போகும். ஸ்டேட்டஸில் போட்டுக் கருத்து கேட்காதீர்கள்.

யாருக்கு அனுப்புவது? இதே வகை இசை செய்யும் ஒருவர், ஆடுபவர்கள் முன்னால் டிஜேவாக வாசிக்கும் ஒருவர், இசை செய்யாத, உங்களோடு சொந்தமில்லாத ஒருவர். சினிமாப் பாட்டு ஒலிப்பதிவு செய்பவர் தெரிந்தவர் என்பதற்காக அவரிடம் போகாதீர்கள். பல்லவி எங்கே என்று கேட்பார். அந்நியரிடம் கேட்கும் முன் அவருடைய ட்ராக்கை முழுதாகக் கேட்டு, உருப்படியாக நாலு வரி எழுதுங்கள். "ஃபீட்பேக் ப்ளீஸ்" என்று இணைப்பை வீசிவிட்டுப் போகிறவரை யாரும் மதிப்பதில்லை.

கேள்வியும் குறிப்பாக இருக்க வேண்டும். "எப்படி இருக்கு?" என்றால் நல்லா இருக்கு என்பார்கள். "எந்த இடத்தில் அடுத்த பாட்டுக்குத் தாவத் தோன்றியது?" என்று கேட்டுப் பாருங்கள், உண்மை வரும். உங்கள் விஷயத்தில் கேட்க வேண்டிய இன்னொன்று பாஸ். ஜமாப்பின் கனத்த அடியும் உங்கள் கிக்கும் ஒரே இடத்தில் மோதிக்கொண்டிருக்கும், பார்க்காமலே சொல்வேன். சின்ன அறையில் அது தெரியாது, மூலையில் பாஸ் குவியும். போன் ஸ்பீக்கரோ அந்தக் கீழ்ச் சத்தத்தையே காட்டாது. இயர்போன், கார், நண்பர் வீட்டுப் பெரிய ஸ்பீக்கர் மூன்றிலும் கேட்டுவிட்டு அனுப்புங்கள். உங்களுக்குப் பிடித்த, இதே வகையைச் சேர்ந்த வெளியான ட்ராக் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, இரண்டின் சத்தத்தையும் ஒரே அளவாக்கி ஒப்பிடுங்கள். சத்தம் கூடினாலே நன்றாக இருப்பதாகக் காது ஏமாறும். "சத்தத்தைத் தூக்கித் தருகிறேன்" என்று மாஸ்டரிங் என்ற கடைசிக்கட்ட மெருகுக்குக் காசு கேட்பவர்கள் இதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகிறது.

வரும் பதில்களில் குறையை நம்புங்கள், வைத்தியத்தை நம்பாதீர்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் சலிப்பாக இருக்கிறது என்றால் அங்கே ஏதோ இருக்கிறது. அதற்கு இந்த பிளக்இன் வாங்கு என்று ஒருவர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். புராஜெக்ட் ஃபைலை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

எத்தனை பேர் கேட்டார்கள் என்ற எண்ணை இதில் சேர்க்காதீர்கள். 1982இல் மும்பையில் சரண்ஜித் சிங் ராகங்களை சின்தசைசரிலும் டிரம் மெஷினிலும் வாசித்து ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். அன்றைக்குச் சீண்டுவாரில்லை. 2010இல் வெளிநாட்டில் மறுபடி வெளியிட்டபோதுதான், ஆசிட் ஹவுஸ் என்ற எலக்ட்ரானிக் நடன இசை வகை பிறக்கும் முன்பே இதே மாதிரிச் சத்தமா என்று உலகம் வியந்தது.

அந்த இன்ஸ்டாகிராம்காரருக்கு ஒரே ஒரு பதில் போடுங்கள்: எந்தெந்த பிளேலிஸ்ட் என்று பெயரோடு எழுதித் தாருங்கள், கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணோடு பில் தாருங்கள், ஸ்ட்ரீம் வராவிட்டால் பணம் திரும்ப வரும் என்று கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். பெரும்பாலும் அதோடு பேச்சு நின்றுவிடும். அட்வான்ஸ் ஏதாவது ஏற்கெனவே ஜிபே செய்திருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல், உரையாடலையும் பணம் போன விவரத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு உடனே போன் செய்யுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கின் பாஸ்வேர்டையோ ஓடிபியையோ கொடுத்திருந்தால், அதற்கும் முன்னால் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.