வரைதிரையும் பொத்தான்களும்: யாழ்ப்பாணத்துக் கேள்விகள்

திருநெல்வேலியில் இருந்து ஒரு தங்கச்சி: ஏடு தொடக்கும் பிள்ளைகள் விரலால் எழுதிப் பழக ஓர் ஆன்ட்ராய்ட் செயலி செய்கிறேன், அண்ணா. எழுதும் பகுதியை ஓப்பன்ஜிஎல்லில் (படம் வரைவதற்கான நிரல் இடைமுகம்) வரைகிறேன். பொத்தான்களையும் அதிலேயே வரையட்டுமா?

வேண்டாம், தங்கச்சி. பொத்தானை நீங்களே வரைந்தால், பார்வையற்ற ஒருவருக்கு ஆன்ட்ராய்டின் திரைவாசிப்பான் டாக்பேக் அதை வாசித்துக் காட்டாது. பெரிய எழுத்து வைத்திருக்கும் அம்மம்மாவுக்கும் அது பெரிதாகாது. மை ஓடும் இடம் மட்டும் உங்களுடையது, மிச்சத்தை ஆன்ட்ராய்டிடம் விடுங்கள்.

சாவகச்சேரித் தம்பி: ஓப்பன்ஜிஎல் வரைவதைத் திரையில் காட்ட சர்ஃபேஸ்வியூ நல்லதா, டெக்ஸ்சர்வியூ நல்லதா?

சர்ஃபேஸ்வியூ செயலியின் சாளரத்தில் ஓர் ஓட்டை போட்டு, பின்னால் இருக்கும் தன் தனிப் பரப்பைக் காட்டுகிறது. அதனால்தான் அதற்கு மேல் பொத்தான் வைக்க முடிகிறது. வேகமானது, பேட்டரியும் குறைவாகவே போகும். ஆனால் ஆன்ட்ராய்ட் 7க்கு முந்திய போன்களில் அதை நகர்த்தினால் கரையில் கறுப்புப் பட்டை தெரியும். டெக்ஸ்சர்வியூ மற்ற வியூக்களோடு (பொத்தான் போன்ற திரைக்கூறுகளோடு) சேர்ந்தே வரையப்படும். சுழற்றலாம், மங்க வைக்கலாம். அதற்கு விலை, கூடுதலாக ஒரு தடவை வரைவதும் சிறு தாமதமும். விரலுக்குப் பின்னால் மை இழுபடுவதைப் பிள்ளை உடனே கண்டுபிடித்துவிடும். எழுதும் செயலிக்கு சர்ஃபேஸ்வியூதான்.

பருத்தித்துறையில் இருந்து: மேலே தொட்டால் கோடு கீழே விழுகிறது.

தொடுபுள்ளி மேல் இடது மூலையில் 0 என்று தொடங்கிக் கீழே போகப்போகக் கூடும். ஓப்பன்ஜிஎல்லில் 0 நடுவில், மேல் விளிம்பு +1. வியூ 1080 அகலம், 1600 உயரம் என்று வையுங்கள். விரல் 270, 400 இல் பட்டால், கிடைக்கு 2×270/1080−1 = −0.5. குத்துக்கு 1−2×400/1600 = 0.5. அந்த 1ஐயும் கழித்தல் குறியையும் இடம் மாற்றிப் போட்டிருப்பீர்கள். முழுத் திரையின் அளவை எடுக்காமல் வியூவின் அளவை எடுங்கள்.

கோப்பாய்: போன் சுடுகிறது.

ஒன்றும் மாறாவிட்டாலும் நொடிக்கு 60 தடவை வரைகிறது. ஜிஎல்சர்ஃபேஸ்வியூவை (ஓப்பன்ஜிஎல்லுக்கான சர்ஃபேஸ்வியூ) ‘வென் டேர்ட்டி’ முறைக்கு, அதாவது கேட்டால் மட்டும் வரையும் முறைக்கு மாற்றி, விரல் அசையும்போது மட்டும் ‘வரை’ என்று கேட்கும் ரிக்வெஸ்ட்ரெண்டர் கூப்பிட்டால் காணும்.

மானிப்பாய்: ஐஃபோனுக்கும் இதே கோட் சரிவருமா?

2018இல் ஐஓஎஸ் 12உடன் ஆப்பிள் ஓப்பன்ஜிஎல் ஈஎஸ்ஸை (போன்களுக்கான ஓப்பன்ஜிஎல்) கைவிடப்படும் பட்டியலில் போட்டுவிட்டது. புதிதாக எழுதுவதென்றால் ஆப்பிளின் சொந்த வரைகலை இடைமுகமான மெட்டலில் எழுதுங்கள்.

திருநெல்வேலித் தங்கச்சி மறுபடியும்: வேறு செயலிக்குப் போய் வந்தால் எழுதியது காணாமல் போகிறது.

எனக்கும் நடந்தது. என் மருமகள் ‘ழ’வின் வாலை இழுத்துக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. பேசி முடித்துப் பார்த்தால் வெறும் திரை, அவள் அழுதுவிட்டாள். செயலி ஓரமாகப் போகும்போது ஜிஎல் கான்டெக்ஸ்ட் (ஓப்பன்ஜிஎல் தன் நிலையை வைத்திருக்கும் இடம்) அழியலாம், அதோடு டெக்ஸ்சர்களும் (அதில் ஏற்றிய படங்களும்) போய்விடும். விரல் போன புள்ளிகளை ஒரு பட்டியலில் வைத்திருங்கள். பரப்பு புதிதாக உருவானதும் கூப்பிடப்படும் ஆன்சர்ஃபேஸ்கிரியேட்டட் மறுபடி வரும்போது டெக்ஸ்சர்களை ஏற்றி, அந்தப் புள்ளிகளைத் திரும்ப வரையுங்கள்.