அரை எல்ஃபும் தக்காளித் தோட்டத்து மந்திரவாதியும்

அன்புள்ள ஐயா,

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறேன். கிருஷ்ணகிரியில் கல்லூரியில் படித்தபோது ஒரு சீனியர் மூலம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் பழக்கமானது. அன்று கையில் இருந்தது 3.5 பதிப்பு. அன்றிலிருந்து என் கேரக்டர் ஒரு அரை எல்ஃப். பதிப்பு மாறினாலும் அவனை நான் மாற்றியதில்லை.

இப்போது ஞாயிறுதோறும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆடுகிறோம். டிஎம்மாக இருந்து கதையை நடத்துபவர் என்னோடு வேலை செய்யும் பெண், என்னைவிட ரொம்பச் சின்னவர். 2024-இல் வந்த புதிய விதிகளுக்கு மாறிவிட்டோம். அதில் அரை எல்ஃபும் இல்லை, அரை ஆர்க்கும் இல்லை. "எல்ஃபா மனுஷனா, ஏதாவது ஒண்ணு எழுதுங்கண்ணா" என்கிறார். ஆர்க்குகளும் இப்போது நல்லவர்களாகிவிட்டார்கள். எல்லாரையும் வரவேற்கும் பதிப்பு இது என்று குழுவில் மற்ற எல்லாருக்கும் சந்தோஷம். நான் வாயைத் திறந்தால் "பழைய ஆளு புலம்புறார்" என்று சிரிக்கிறார்கள். உண்மையிலேயே இது எல்லா ரசிகர்களையும் வரவேற்கிறதா?

ஒரு வாசகர், ஓசூர்

அன்புள்ள நண்பருக்கு,

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்காக முதலில் நாலு வரி. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொண்டு, வாயாலேயே ஒரு சாகசக் கதையை நடத்துவார்கள். கதையை நடத்திச் செல்பவர் டிஎம், அதாவது டன்ஜன் மாஸ்டர். ஒரு காரியம் பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974-இல் வெளியிட்டது. எல்ஃப், ஆர்க் எல்லாம் அதில் வரும் மனித சாயல் கொண்ட இனங்கள். அரை எல்ஃப் என்றால் பாதி எல்ஃப், பாதி மனிதன்; அரை ஆர்க்கும் அப்படியே.

உங்கள் குறையை இரண்டாகப் பிரிக்கலாம். ஆர்க் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. ஆடுகிறவர்களுக்கான விதிப் புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கின் 2024 பதிப்பில் ஆர்க்கை நாமே எடுத்து ஆடலாம். எதிரிகளுக்கான எண்களைத் தரும் மான்ஸ்டர் மேனுவல் 2025 பிப்ரவரியில் வந்தது, அதில் ஆர்க்குக்கென்று தனிப் பக்கம் கிடையாது. கொள்ளைக்காரன் வேண்டுமென்றால் கொள்ளைக்காரனுக்கான எண்களை எடுத்து, அவனை ஆர்க் என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். இதில் உங்களுக்கு என்ன நஷ்டம்? வில்லனாக ஒரு ஆர்க்கைக் கொண்டுவர உங்கள் டிஎம்முக்கு எந்தத் தடையும் இல்லை. அவன் ஏன் வில்லன் ஆனான் என்று ஒரு காரணம் யோசிக்க வேண்டும், அவ்வளவுதான். காரணம் உள்ள வில்லன் ஆட்டத்துக்கும் நல்லது.

அரை எல்ஃப் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. உங்கள் குழுவில் சிரிப்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். பிளேயர்ஸ் ஹேண்ட்புக் என்ற பெயரில் 1978, 1989, 2000, 2003, 2008, 2014 என வந்த ஒவ்வொரு பெரிய பதிப்பிலும் அரை எல்ஃப் இருந்தான். 2024-இல்தான் முதல்முறையாக இல்லை. அரை ஆர்க்கின் கதை வேறு. அவனை வெளியே அனுப்புவது ஆட்டத்தை வெளியிடுகிறவர்களுக்குப் பழக்கம். 1989-இல் அனுப்பினார்கள், 2000-இல் கூப்பிட்டார்கள், 2008-இல் மறுபடி அனுப்பி, அடுத்த வருடம் இரண்டாம் ஹேண்ட்புக்கில் சேர்த்துக்கொண்டார்கள். அவனுக்கு இது பழகியிருக்கும்.

2022-இல் இந்தப் பதிப்பின் சோதனை வடிவத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு விட்டபோது, கலப்புப் பெற்றோருக்குப் பிறந்தவருக்கு ஒரு வழி சொல்லியிருந்தார்கள். தோற்றம் எப்படி வேண்டுமானாலும் கலந்திருக்கலாம், ஆட்டத்தில் பயன்படும் குணங்களுக்கு மட்டும் அப்பா அம்மா இருவரில் ஒருவர் இனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் டிஎம் சொன்ன "ஏதாவது ஒண்ணு எழுதுங்கண்ணா" கிட்டத்தட்ட அதேதான். பாதி இது பாதி அது என்று ஒரு ஆளைக் குறிப்பதே சரியில்லை என்ற எண்ணத்தில் செய்திருக்கிறார்கள். நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடம் என்று வளர்ந்த ஒரு ஓசூர்க்காரரிடம் போய் "ஒன்றை எழுது" என்றால் அவர் எதை எழுதுவார்? 2014 பதிப்பில் அரை எல்ஃபுக்கு மூன்று மொழி தெரியும். உங்கள் ஊருக்காகவே எழுதியது போல இருக்கும். இப்போது எல்லாக் கதாபாத்திரத்துக்கும் மூன்று மொழி கொடுத்துவிட்டார்கள். (மும்மொழித் திட்டம் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம், இதில் மூன்றாவது மொழி டிராகன் மொழியாகக்கூட இருக்கலாம்.)

ஆனால் உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் பலம், அறிவு போன்ற திறன்களுக்கு எண்கள் உண்டு. பழைய பதிப்புகளில் இனத்தைப் பொறுத்து அந்த எண்கள் கூடும். அரை ஆர்க் என்றால் பலம் இரண்டு கூடும், மலைக் குள்ளன் என்றாலும் அப்படியே. பிறப்பை வைத்து உனக்குப் பலம், உனக்கு அறிவு என்று பிரிப்பதைப் பலரும் வெகுகாலமாகக் கேள்வி கேட்டு வந்தார்கள். 2020-இல் வந்த டாஷா என்ற துணை விதிப் புத்தகம் அந்தக் கூடுதல் எண்களை யார் எதில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். 2024-இல் எண்களைப் பிறப்பிலிருந்து எடுத்து பேக்ரவுண்டில் கட்டிவிட்டார்கள். பேக்ரவுண்ட் என்பது சாகசத்துக்குக் கிளம்பும் முன் அந்த ஆள் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது. மொத்தம் 16. ஒவ்வொன்றுக்கும் மூன்று திறன்கள், அந்த மூன்றுக்குள்தான் எண்ணைக் கூட்டிக்கொள்ள முடியும்.

என் அக்கா மகன் பாலக்கோட்டில் இருக்கிறான். தக்காளி போடும் வீடு. விடுமுறைக்குத் தர்மபுரி வந்தால் என்னோடு ஆடுவான். போன முறை மந்திரவாதி வேண்டும் என்றான். மந்திரவாதிக்கு உயிர் மூச்சு இண்டெலிஜென்ஸ், அதாவது அறிவு. பேக்ரவுண்டில் விவசாயியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எடுத்துக்கொண்டான். விவசாயிக்குக் கொடுத்திருப்பது ஸ்ட்ரெங்த் (பலம்), கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி), விஸ்டம் (விவேகம்). இண்டெலிஜென்ஸ் இல்லை. கூடவே அடி தாங்கும் உடம்பு என்று ஒரு சலுகை.

பையன் புத்தகத்தைப் புரட்டினான். அறிவு யாருக்கெல்லாம் உண்டு என்று விரல் விட்டு எண்ணினோம். கோவில் பணியாளர், கைவினைஞர், காவலாளி, வியாபாரி, பிரபு, அறிஞர், எழுத்தர், அப்புறம் குற்றவாளி. "திருடனுக்கு இருக்குது, நமக்கு இல்லையா மாமா?" என்றான். வியாபாரியை எடுத்துக்கொள்ளேன், அதில் இருக்கிறதே என்றேன். "நாம எங்க மாமா வியாபாரி? நாம விளைய வைக்கிறோம், மண்டிக்காரர் விலை வைக்கிறார்." பதினோரு வயது.

இது வெறும் மனக்குறை இல்லை, ஆட்டத்திலும் வித்தியாசம் தெரியும். திறன்களுக்குப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கமான எண் வரிசையில் பெரியது 15. அறிஞர் பேக்ரவுண்டில் வந்தவர் அதில் இரண்டைக் கூட்டி 17 ஆக்கலாம். விவசாயி 15-இலேயே நிற்பார். முதல் நிலையில் அறிஞர் போடும் மந்திரத்தைத் தடுக்க எதிரிக்கு 13 விழ வேண்டும், விவசாயியின் மந்திரத்துக்கு 12 போதும். ஒரு புள்ளிதான். ஆனால் ஒவ்வொரு சண்டையிலும் அந்த ஒரு புள்ளி கூடவே வரும்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, முதலமைச்சராக இருந்தபோது 1953-இல் ஒரு ஆரம்பக் கல்வித் திட்டம் கொண்டுவந்தார். பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகுவது. எதிர்த்தவர்கள் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தார்கள், 1954-இல் காமராஜர் வந்ததும் அது கைவிடப்பட்டது. இந்தக் கதையெல்லாம் சியாட்டில் பக்கம் உட்கார்ந்து விதி எழுதுகிறவர்களுக்குத் தெரிந்திருக்கத் தேவையில்லை. பிறப்பால் வரும் எண் தப்பு என்று சரியாகத்தான் கண்டுபிடித்தார்கள். அதைத் தொழிலில் கொண்டுபோய்க் கட்டினால் என்ன ஆகும் என்பது நம் பக்கத்துப் பையனுக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் புதிய பேக்ரவுண்ட் உருவாக்கும் முறை இருக்கிறது. நான் ஸ்ட்ரெங்த்தை எடுத்துவிட்டு இண்டெலிஜென்ஸை வைத்து ஒரு விவசாயியை எழுதிக் கொடுத்தேன். பையன் இப்போது நெருப்புப் பந்து எறியும் நாளுக்காகக் காத்திருக்கிறான். ஆனால் கவனியுங்கள், 2014-இல் பேக்ரவுண்டை நமக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம் என்பது ஆடுகிறவர் கையில் இருக்கும் புத்தகத்திலேயே எழுதியிருந்தது. இப்போது அந்த உரிமை டிஎம்மின் புத்தகத்துக்குப் போய்விட்டது. மாமா டிஎம்மாக இருந்தால் சரி. முகம் தெரியாத டிஎம்மிடம் முதல் நாள் போய் உட்காரும் பையன் எப்படிக் கேட்பான்?

வரவேற்பு என்று பேசினால் பழைய பதிப்புகளையும் விட்டுவிட முடியாது. 1978 புத்தகத்தில் மனிதப் போர்வீரனின் பலம் ஆணுக்கு 18/00 வரை போகலாம், பெண்ணுக்கு அதைவிடக் குறைவான 18/50-தான் உச்சவரம்பு. அட்டவணை போட்டே அச்சடித்திருந்தார்கள். 1989-இல்தான் அதை எடுத்தார்கள். உங்கள் டிஎம் அந்தக் காலத்தில் ஆட வந்திருந்தால் அவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் புதிய பதிப்பைக் கொண்டாடுவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

நீங்கள் 3.5 ஆடியவர், அதனால் அடுத்து நடந்தது நினைவிருக்கும். 2008-இல் நான்காம் பதிப்பு வந்தபோது பழைய ரசிகர்களில் ஒரு பெரிய கூட்டம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர்கள் புலம்பிக்கொண்டு உட்காரவில்லை. 3.5 விதிகள் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த உரிமத்தில் இருந்ததால் பைசோ நிறுவனம் அவற்றையே எடுத்து 2009-இல் பாத்ஃபைண்டர் என்று தனி ஆட்டமாக வெளியிட்டது. பிடிக்காதவர்கள் விதிகளையும் தூக்கிக்கொண்டு வெளியேற முடிந்தது. அந்த பயத்தில்தான் 2014 பதிப்புக்கு முன்னால் இரண்டு வருடம் பொதுச் சோதனை வைத்து எல்லாரையும் கேட்டார்கள் என்பது என் எண்ணம்.

ஆகவே, ஒரு பதிப்பு நம்மை மதிக்கிறதா என்று பார்க்க நான் அட்டைப் படத்தைவிட உரிமத்தைத்தான் பார்ப்பேன். 2023 ஜனவரியில் அந்தத் திறந்த உரிமத்தை மாற்றப் பார்த்தார்கள். வருடத்துக்கு ஏழரை லட்சம் டாலருக்கு மேல் விற்பவர்கள் பங்கு தரவேண்டும் என்ற வரைவு வெளியே கசிந்தது. ரசிகர்கள் பொங்கிவிட்டார்கள், புதியவர் பழையவர் என்ற பேதமே இல்லை. அந்த மாதக் கடைசிக்குள் ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் போட்டது. அதைத் திரும்பப் பிடுங்க முடியாது. 2024 பதிப்பின் அடிப்படை விதிகளும் 2025 ஏப்ரலில் அதே உரிமத்தில் வந்துவிட்டன.

நமக்கு இது ரொம்ப முக்கியம். அச்சுப் புத்தகம் ஒவ்வொன்றும் 49.99 டாலர், நம் காசில் நாலாயிரத்துக்கு மேல், அப்படி மூன்று. திறந்த விதிகள் இலவசம். மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டால் தமிழில் பெயர்க்கலாம், மாற்றலாம், விற்கக்கூட செய்யலாம். உங்கள் குழுவில் பேச்செல்லாம் தமிழில்தான் நடக்கும், கேரக்டர் ஷீட் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும் இல்லையா? ஆங்கிலம் சரளமாக வராத பையன் அந்தத் தாளைப் பார்த்தே எழுந்து போய்விடுகிறான். அந்தத் தாளைத் தமிழில் அச்சடிக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

சரி, உங்கள் அரை எல்ஃப். புதிய புத்தகமே பழைய இனங்களைச் சேர்த்து ஆட இடம் கொடுக்கிறது. 2014 புத்தகத்தில் உள்ளபடி இருட்டில் 60 அடி பார்க்கும் கண், மயக்கு மந்திரங்களைத் தாங்கும் ரத்தம், கூடுதலாக இரண்டு ஸ்கில் ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கரிஸ்மாவில் (வசீகரத்தில்) கூடும் இரண்டையும் மற்ற இரண்டு திறன்களில் கூடும் ஒவ்வொன்றையும் மட்டும் விட்டுவிடுங்கள், அந்த எண்கள் இப்போது பேக்ரவுண்டிலிருந்து வரும். மொழி மூன்று, அதில் மாற்றமில்லை. இதை ஒரு தாளில் எழுதி வார நாளில் கேண்டீனில் வைத்தே அவரிடம் காட்டிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை டைஸ் உருள ஆரம்பித்த பிறகு சட்டம் பேசினால் எந்த டிஎம்முக்கும் எரிச்சல் வரும், எனக்கும்தான்.