பழைய பாணி சமையலறைக்கு 8 மாத வருமானம்: கடன் வாங்கிச் செய்யலாமா?

கேள்வி: 6 வருடங்களுக்கு முன் எங்கள் விருப்பப்படி வரைபடம் போட்டுக் கட்டிய வீடு. சமையலறையை மட்டும் அப்போது சிக்கனமாக முடித்துவிட்டோம். இப்போது சட்டம் வைத்த மரக்கதவுகள், மேலே கார்னிஸ் (அலமாரி உச்சியில் ஓடும் அலங்கார விளிம்பு), கண்ணாடி அலமாரி என்று பாரம்பரிய பாணியில் மாற்ற ஆசை. வந்த மதிப்பீடு எங்கள் 8 மாத வருமானத்துக்குச் சமம். கேபினெட் 3.5 மாதம், கல் மேடை 1, சாதனங்கள் 1.2, ஸிங்க்கை இடம் மாற்றுவது, தரை, குழாய், மின்சார வேலை 1.8, மற்றவை 0.5. கையில் 7 மாத வருமானம் சேமிப்பாக இருக்கிறது. வீட்டுக்கடன் தவணை வருமானத்தில் 30%, குடும்பச் செலவு 40%. வீட்டுக்கடனோடு சேர்த்து 9% வட்டியில் 20 வருடத்துக்குக் கூடுதல் கடன் கிடைக்கும். தனிநபர் கடன் என்றால் 14%, 5 வருடம். எது நல்லது?

பதில்: இந்த மதிப்பீட்டுக்கு இரண்டு கடனுமே வேண்டாம். முதலில் வேலையின் அளவைக் குறையுங்கள், பிறகு 10 மாதம் பொறுங்கள். அப்படிச் செய்தால் கடனே இல்லாமல் நீங்கள் கேட்கும் தோற்றத்தில் சமையலறை கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

உங்கள் 7 மாத சேமிப்பு முழுவதும் செலவுக்கானது இல்லை. தவணையும் குடும்பச் செலவும் சேர்ந்து வருமானத்தில் 70%. 6 மாதத்துக்கான அவசர நிதி என்றால் 4.2 மாத வருமானம் தனியாக இருக்க வேண்டும். அதைச் சமையலறைக்காகத் தொடாதீர்கள். மிச்சம் 2.8. மதிப்பீட்டின் பக்கம் வந்தால், 8 என்பது தாளில் உள்ள எண் மட்டுமே. ஏற்கெனவே இருக்கும் சமையலறையை உடைத்துச் செய்யும்போது 15% எதிர்பாராத செலவுக்கு ஒதுக்காமல் தொடங்கக் கூடாது. ஓடு பெயர்த்தால்தான் பின்னால் கசிவு இருப்பது தெரியும். மேல் அலமாரியை இறக்கினால்தான் சுவர் நேராக இல்லாதது தெரியும். ஆகவே 9.2 வேண்டும், கையில் 2.8. பற்றாக்குறை 6.4.

இந்த 6.4-ஐ 14% வட்டியில் 5 வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை வருமானத்தில் ஏறக்குறைய 15%. வீட்டுக்கடனோடு சேர்த்து 45% ஆகிவிடும். தவணைகள் 40%-ஐத் தாண்டினால் ஒரு மாதம் சம்பளம் தள்ளிப்போனாலே குடும்பம் தடுமாறும். 9% கடனில் தவணை 6% தான், அதனால்தான் அது ஆசை காட்டுகிறது. ஒவ்வொரு 1,00,000 கடனுக்கும் கணக்கு இப்படி: 9%-இல் 20 வருடம் என்றால் மாதம் சுமார் 900, மொத்த வட்டி 1,15,900. 14%-இல் 5 வருடம் என்றால் மாதம் 2,327, மொத்த வட்டி 39,600. வட்டி விகிதம் குறைந்த கடன்தான் ஏறக்குறைய மூன்று மடங்கு வட்டி வாங்குகிறது. உங்கள் 6.4-க்கு அந்த வட்டி மட்டும் 7.4 மாத வருமானம், கிட்டத்தட்ட இன்னொரு சமையலறை. கல் மேடை 20 வருடம் நிற்கும். கீல்களும் டிராயர் ஓடும் சேனல்களும் பெயின்ட்டும் அதற்கு முன்பே மாற்றக் கேட்கும். பழைய கடன் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த செலவு வந்து நிற்கும்.

வேலையின் அளவுக்கு வருவோம். மதிப்பீட்டில் முதலில் கைவைக்க வேண்டியது ஸிங்க்கை இடம் மாற்றுவது, தரை, குழாய், மின்சாரம் என்று போட்ட அந்த 1.8. கழிவுக்குழாய்க்கு 40-க்கு 1 என்ற சரிவு கொடுத்து ஸிங்க்கை 3 மீட்டர் நகர்த்தினால், குழாய் 75 மி.மீ. கீழே இறங்கியாக வேண்டும். அந்த ஆழம் தரையில் இல்லாவிட்டால் தரையை உடைக்க வேண்டும், அல்லது மேடையின் உள்ளே குழாயை உயர்த்திக் கொண்டுபோய் ஒரு டிராயரை இழக்க வேண்டும். சரிவைக் குறைத்துச் சமாளித்தால் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து அடைப்பு வரும். ஸிங்க், அடுப்பு, குளிர்பெட்டி மூன்றுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து கூட்டுங்கள். 4 முதல் 8 மீட்டருக்குள் இருந்து, நடக்கும் இடைவெளியும் 1 மீட்டருக்குக் குறையாமல் இருந்தால், இடம் மாற்றுவதால் பெரிய வசதி எதுவும் கூடிவிடாது. பாரம்பரியத் தோற்றத்துக்கும் ஸிங்க் இருக்கும் இடத்துக்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்தது கேபினெட். கண்ணில் படுவது கதவு, முன்சட்டம், கார்னிஸ், கைப்பிடி ஆகியவைதான். பின்னால் இருக்கும் பெட்டிகள் 6 வருடப் பழசு என்பதால் பிளைவுட்டாக இருந்து நனையாமலும் இருந்தால் இன்னும் நெடுங்காலம் உழைக்கும். பெட்டியின் மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து பாருங்கள், 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பெட்டி கோணியிருக்கிறது. ஸிங்க்குக்குக் கீழே உள்ள அடிப்பலகையை விரலால் அழுத்திப் பாருங்கள். ஊறி உப்பியிருந்தால் அந்த ஒரு பெட்டியை மட்டும் புதிதாகச் செய்தால் போதும். பெட்டி துகள்பலகை (மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) என்றால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள். கனமான மரக்கதவின் திருகு அதில் நாளடைவில் கழன்றுவிடும்.

பழைய பெட்டியின் முன்னால் 20 மி.மீ. தடிமனும் 40 மி.மீ. அகலமும் உள்ள மரச்சட்டம் பொருத்தினாலே தோற்றம் மாறிவிடும். இதில் இரண்டு இடத்தில் தவறு நடக்கும். சட்டம் பெட்டியின் வாயைக் குறுக்குவதால் பழைய டிராயர் இடிக்கும். சேனலுக்குப் பின்னால் கட்டை வைத்து, டிராயரின் அகலத்தைக் குறைத்துச் செய்ய வேண்டும். சட்டம் 20 மி.மீ. முன்னே வருவதால் மேடைக் கல்லின் விளிம்புத் துருத்தலும் அவ்வளவு குறையும், வழியும் தண்ணீர் நேராகக் கதவில் இறங்கும். அதனால் கல்லை மாற்றும் செலவை நான் வெட்டச் சொல்லவில்லை. சட்டம் பொருத்தி முடித்த பிறகே கல்லுக்கு அளவு எடுக்கச் சொல்லுங்கள். வரைபடத்தை வைத்து முன்கூட்டியே அறுத்த கல் பொருந்தாமல் போனால் நஷ்டம் உங்களுடையது.

கதவு விஷயத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பெயின்ட் அடிக்கப்போகிறீர்கள் என்றால் முழு மரத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். மரம் ஈரப்பதத்துக்கு ஏற்ப அகலவாக்கில் விரியும், சுருங்கும். நடுப்பலகை நகரும்போது சட்டத்தோடு சேரும் இடத்தில் பெயின்ட் கோடு விடும். சுற்றுச்சட்டம் மரம், நடுப்பலகை எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) என்பதுதான் பெயின்ட்டுக்குச் சரி, விலையும் குறைவு. மரத்தின் ரேகை தெரிய பாலீஷ் போடுவதானால் மட்டும் நடுப்பலகையும் மரமாக இருக்கட்டும், ஆனால் அதைப் பசை போட்டு ஒட்டக் கூடாது. பள்ளத்துக்குள் தளர்வாக உட்கார வேண்டும், ஒட்டினால் பிளக்கும். கதவைச் சட்டத்துக்குள் அடங்கும்படி செய்தால் சுற்றிலும் 2 மி.மீ. இடைவெளி சீராக வர வேண்டும், அதற்கான கூலி அதிகம். சட்டத்தின் மேல் படியும் கதவு அந்தத் தொல்லை தராது.

சேமிக்கக் கூடாத இடங்களும் உண்டு. பாத்திரம் நிறைந்த அகல டிராயருக்கு 40 கிலோ தாங்கும் சேனல் வேண்டும். லேசான கதவுக்குப் போட்ட பழைய கீல்களை மரக்கதவுக்கு மாட்டாதீர்கள். 900 மி.மீ.க்கு மேல் உயரமான கதவுக்கு 3 கீல்கள். மின்அடுப்புக்குத் தனி மின்சுற்று. சுவரை மூடும் முன் தண்ணீர்க் குழாய்க்கு அழுத்தச் சோதனை.

இந்த மாற்றங்களோடு புதிய மதிப்பீடு கேளுங்கள். இலக்காக வைக்க வேண்டியது: கேபினெட் 2.1, கல் 1, நன்றாக ஓடும் சாதனங்களை விட்டு மற்றவை மட்டும் 0.6, குழாயும் மின்சாரமும் 0.8, இதர செலவு 0.5. மொத்தம் 5. அதற்கு 15% சேர்த்தால் 5.75. நீங்கள் மாதம் 30% மிச்சம் பிடிக்கிறீர்கள். 10 மாதத்தில் 3. கையில் உள்ள 2.8-உடன் 5.8. அதற்குள் விலை 5% ஏறினால் இன்னும் ஒரு மாதம் பொறுத்தால் சரியாகிவிடும். இந்தப் பணத்தைப் பங்குச்சந்தையில் போடாதீர்கள். முதிர்வு தேதி தெரிந்த குறுகிய கால வைப்பில் இருக்கட்டும். மறுமதிப்பீடு 6-இல் நின்றால், 15% சேர்த்து 6.9, பற்றாக்குறை 1.1 மட்டுமே. அதை 9% கடனாக 3 வருடத்துக்கு வாங்கினால் தவணை வருமானத்தில் 3.5%. அது பரவாயில்லை. 20 வருடத்துக்கு நீட்ட மட்டும் சம்மதிக்காதீர்கள்.

வீட்டை விற்கும்போது போட்ட பணம் திரும்பி வரும் என்று யாராவது சொன்னால் அந்த வருமானத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். உங்கள் ரசனைக்கென்று செய்த மரவேலைக்கு வாங்குபவர் முழு விலை கொடுப்பது அரிது.

பணம் கொடுக்கும் வரிசையை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: கையெழுத்தின்போது 10%, அளவுகளோடு கூடிய வரைபடத்தை நீங்கள் ஒப்புக்கொண்டதும் 30%, கதவுகளும் சட்டங்களும் வீட்டுக்கு வந்ததும் 30%, பொருத்தியதும் 20%. வேலை நடுவே நீங்கள் கேட்கும் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் விலையும் கூடுதல் நாட்களும் எழுத்தில் வந்த பிறகே சரி சொல்லுங்கள். மிச்ச 10%-ஐ வேலை முடிந்து 30 நாள் கழித்துக் கொடுங்கள். அந்த 30 நாளில் எல்லா டிராயரையும் நிரப்பி இழுத்துப் பாருங்கள், ஸிங்க்கின் அடியில் காகிதம் விரித்துக் கசிவு பாருங்கள், கதவு இடைவெளி மாறியிருந்தால் தச்சரை அழைத்துக் கீலைத் திருத்தச் சொல்லுங்கள்.