மாடித் தோட்டமும் மலை ரயிலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கோடை விடுமுறைக்கு ஊட்டி போனபோது ரோஜா, ஹைட்ராஞ்சியா, ஃபுஷியா என்று ஆசை ஆசையாக நாற்றுகள் வாங்கி வந்தோம். ஒரு மாதத்துக்குள் எல்லாம் கருகிவிட்டன. தண்ணீர் போதவில்லையா, உரம் போதவில்லையா?
- வாசகி, கரூர்

இரண்டும் காரணம் இல்லை அம்மா. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மே மாத இரவில்கூட அங்கே போர்வை வேண்டும். ஹைட்ராஞ்சியாவும் ஃபுஷியாவும் அந்தக் குளிருக்குப் பழகியவை. கரூர் வெயிலில் பகலெல்லாம் வாடும் செடிக்கு இரவிலும் ஆறுதல் கிடைக்காவிட்டால் அது எப்படித் தேறும்? அவற்றை விட்டுவிடுங்கள்.

ரோஜாவை மட்டும் தூக்கிப் போட வேண்டாம். தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. காய்ந்த கிளைகளைக் கவாத்து செய்து, நிழல்வலைக்குக் கீழே வையுங்கள். புதுத் துளிர் வரும்வரை உரமே வேண்டாம். நாற்று ரோஜாவை, காட்டு ரோஜாவின் வேர்த்தண்டில் நல்ல ரகத்தை ஒட்டுக்கட்டித்தான் விற்பார்கள்; அந்த ஒட்டு இடத்துக்குக் கீழிருந்து துளிர் வந்தால் அது காட்டு ரோஜா. உடனே வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மேலே உள்ள நல்ல ரகத்தை அது வளரவிடாது. புதிதாக வைப்பதென்றால் நம் ஊர் வெயிலுக்குப் பன்னீர் ரோஜா, செம்பருத்தி, இட்லிப் பூ, நந்தியாவட்டை.

அடுத்த முறை ஊட்டி போகும்போது ஒன்று செய்யுங்கள். மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறுங்கள். 46 கிலோமீட்டர்தான், ஆனால் போய்ச் சேர ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். அந்த நிதானம்தான் பெரிய வரம். கல்லாறு தாண்டும்வரை பாக்கும் தென்னையும் பலாவும். அங்கிருந்து, தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல்வரிசையைப் பல்சக்கரத்தால் பிடித்து ரயில் ஏறத் தொடங்கும். ஹில்குரோவ் பக்கம் மூங்கிலும் அடர்ந்த காடும். குன்னூர் நெருங்கினால் தேயிலை. கேத்தி, லவ்டேல் பக்கம் யூகலிப்டஸும் பைனும். இந்த யூகலிப்டஸ் நம் மலைக்குச் சொந்தமில்லை, 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் விறகுக்காகக் கொண்டுவந்து நட்டது. நீலகிரியின் சொந்தக் காடு சோலைக்காடும் புல்வெளியும்.

என் பேத்திக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, எந்த ஸ்டேஷன் பக்கம் எந்த மரம் என்று எழுதச் சொன்னேன். ஊட்டியில் இறங்கும்போது, “தென்னை எங்கே பாட்டி நின்றுபோச்சு?” என்று அவளே கேட்டாள். உயரம் ஏற ஏறச் செடி மாறும் என்று பாடம் நடத்த வேண்டிய வேலையே எனக்கு இல்லாமல் போனது. மலைச் செடியை மலையிலேயே பார்த்துவிட்டு வருவோம். வீட்டுக்கு வர்க்கியும் கேரட்டும் வாங்கி வந்தால் போதும்.

மே மாதம் குடும்பத்தோடு வேடந்தாங்கல் போனோம். பறவைகளைக் காணோம், ஏரியிலும் தண்ணீர் இல்லை. பிள்ளைகள் ஏமாந்துபோனார்கள். அந்த இடம் அழிந்துவருகிறதா?
- வாசகர், செங்கல்பட்டு

நீங்கள் போன மாதம் அப்படி. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பிய பிறகுதான் பறவைகள் வரும். நவம்பர் முதல் மார்ச் வரை போங்கள். நீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, வக்கா, நீர்க்காகம் எல்லாம் கூடு கட்டியிருக்கும். சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் பூனையும் கீரியும் கூட்டை எளிதில் நெருங்க முடியாது. வடக்கேயிருந்து ஊசிவால் வாத்துகளும் வந்து இறங்கும். ஏரி வற்றினால் மீனும் இல்லை, காவலும் இல்லை. பறவைகள் கிளம்பிவிடும்.

மாலை நான்கு மணிக்குப் போய் இருட்டும்வரை இருங்கள். இரை தேடப்போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும் நேரம் அது. பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அந்த ஊர் மக்களுக்குப் பல தலைமுறையாகத் தெரியும். 1798லேயே பறவைகளைச் சுடக்கூடாது என்று கலெக்டரிடம் முறையிட்டு உத்தரவு வாங்கியவர்கள் அவர்கள். எனக்கு வேடந்தாங்கலில் பறவைகளுக்கு இணையான மரியாதை அந்த ஊர்க்காரர்கள் மீதும் உண்டு.

கோடையில் பறவை பார்க்க உங்கள் மொட்டை மாடியே போதும். அகலமான, ஆழமில்லாத மண் தட்டில் நிழலில் தண்ணீர் வையுங்கள். கொசு வராமலிருக்கத் தினமும் மாற்றுங்கள். மைனா, தவிட்டுக்குருவி, கொண்டைக்குருவி எல்லாம் குளிக்க வரும்.

எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் மாதிரி புழுக்கள் இருக்கின்றன. அம்மா மருந்து அடிக்க வேண்டும் என்கிறார். எனக்கு அவற்றை வளர்க்க ஆசை. வளர்க்கலாமா பாட்டி?
- ஏழாம் வகுப்பு மாணவன், தஞ்சாவூர்

தாராளமாக வளர்க்கலாம் கண்ணா. இந்த மாதம் வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது உன்னுடையதுதான்.

அது பெரும்பாலும் கறிவேப்பிலை அழகி அல்லது எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழு. எச்சம் மாதிரி இருப்பது அதன் தந்திரம்; தின்ன வரும் குருவி, எச்சம் என்று நினைத்து விட்டுவிடும். கொஞ்சம் வளர்ந்ததும் தோல் உரித்துப் பச்சை நிறமாகும். அப்போது ஒரு மெல்லிய குச்சியால் அதன் தலைக்குப் பின்னால் லேசாகத் தொட்டுப் பார். சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ இரண்டு கொம்புகள் வெளியே நீளும், கூடவே ஒரு காரமான வாசனையும் வரும். எறும்பு மாதிரி எதிரிகளை விரட்டத்தான் அது. ஒருமுறை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பத் தொந்தரவு செய்யாதே.

வளர்க்கும் முறை இதுதான். வாய் அகன்ற ஜாடியை எடுத்து, வாயை மெல்லிய துணியால் கட்டு. இலைக்கொத்தைச் சின்னத் தண்ணீர்ப் பாட்டிலில் செருகி, புழு உள்ளே விழுந்துவிடாதபடி பாட்டில் வாயைப் பஞ்சால் அடைத்துவிடு. தினமும் புது இலை கொடு, கழிவைத் துடைத்து எடு. கடையில் வாங்கிய கறிவேப்பிலை கூடவே கூடாது, மருந்து அடித்திருப்பார்கள். உன் வீட்டு இலைதான் வேண்டும்.

ஒருநாள் புழு சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அங்கும் இங்கும் அலையும். பயப்படாதே, ஒரு குச்சியைச் சாய்த்து வை. அதில் ஏறி, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிவிடும். அந்தக் குச்சியை அசைக்காதே. முட்டையிலிருந்து பட்டாம்பூச்சி ஆகும்வரை ஏறத்தாழ ஒரு மாதம். வெளியே வந்ததும் சிறகு கசங்கியிருக்கும். அது தொங்கியபடியே விரித்துக் காயவைத்துக்கொள்ளும். அதுவரை கை வைக்கக் கூடாது, அப்புறம் திறந்து விட்டுவிடு. சில சமயம் கூட்டிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதிலாகக் குட்டிக் குளவி வரும். அதன் தாய்க் குளவி முன்பே புழுவுக்குள் முட்டையிட்டிருக்கிறது என்று அர்த்தம். வருத்தமாக இருக்கும், ஆனால் அதுவும் இயற்கைதான்.

அம்மாவிடம் சொல்: வளர்ந்த கறிவேப்பிலை மரத்தை நாலு புழு சாகடிக்காது. நுனியைக் கிள்ளிவிட்டால் இன்னும் அடர்த்தியாகத் துளிர்க்கும். செடி சின்னது என்றால் புழுக்களை எலுமிச்சையிலோ நாரத்தையிலோ வில்வத்திலோ விடலாம். எல்லாம் ஒரே குடும்பம். இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார், ஊசிப்புள்ளி மாதிரி எண்ணெய்ச் சுரப்பிகள் தெரியும். கசக்கினால் வரும் வாசனை அதனால்தான். வேப்பெண்ணெய்கூட அந்தச் செடிக்கு இப்போது வேண்டாம்.

மழைக்காலம் முடியும்போது அப்பா, அம்மாவோடு எங்கள் ஸ்ரீரங்கத்துக்கு வா. மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே 25 ஏக்கரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. வெயில் ஏறிய பிறகு, காலை பத்து மணி வாக்கில் போனால் நிறையப் பார்க்கலாம். சிவப்பு உடல் கொண்ட ரோஜா அழகியைத் தேடிப் பார். ஈஸ்வரமூலிக் கொடியைத் தின்று வளர்வதால் அதன் உடம்பில் நஞ்சு உண்டு, பறவைகள் தொடாது. கறிவேப்பிலை அழகியின் பெண்களில் ஒரு வகை அதைப் போலவே வேஷம் போட்டுப் பிழைத்துக்கொள்ளும். எது அசல், எது வேஷம் என்று கண்டுபிடித்து எனக்கு எழுது. ஒரு துப்பு தருகிறேன்: உடம்பின் நிறத்தைப் பார்.

அடுக்ககத்தின் பால்கனியில் இரண்டு மணி நேரம்தான் வெயில். தக்காளி வைக்கலாமா?
- வாசகர், மதுரை

வேண்டாம், காய்க்காது. புதினா, வல்லாரை, வெந்தயக்கீரை வையுங்கள். வெற்றிலைக் கொடியும் நன்றாக வரும்.

பத்து நாள் கேரளா போகத் திட்டமிட்டிருக்கிறோம். மாடித் தோட்டம் காய்ந்துவிடும் என்று மாமியார் வர மறுக்கிறார். அவர் இல்லாமல் போக மனம் இல்லை. வழி சொல்லுங்கள்.
- வாசகி, சேலம்

உங்கள் மனசுக்கு முதலில் ஒரு வணக்கம். அத்தையின் கவலையும் நியாயமானது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே அவரையே பொறுப்பாக வைத்து வேலையைத் தொடங்குங்கள்.

தொட்டிகளை எல்லாம் நிழலுள்ள ஒரு மூலையில் நெருக்கமாகச் சேர்த்து வையுங்கள். தேங்காய் மட்டையை இரவு முழுக்க ஊறவைத்து, மண்மேல் கவிழ்த்து அடுக்குங்கள். காய்ந்த இலையும் நல்ல மூடாக்குதான். பெரிய தொட்டிகளில் சின்ன மண்பானையைக் கழுத்துவரை புதைத்து நீர் நிரப்பி மூடுங்கள், மெல்லக் கசியும். சிறிய தொட்டிகளுக்கு ஒரு வாளித் தண்ணீரை உயரமாக வைத்து, பழைய பருத்தி வேட்டியைத் திரித்து ஒரு முனையை வாளியிலும் மறுமுனையை மண்ணிலும் விடுங்கள். இரண்டு நாள் ஒத்திகை பார்த்து, எந்தத் தொட்டி எவ்வளவு குடிக்கிறது என்று அத்தையே சொல்லட்டும்.

இத்தனையும் செய்தாலும் பத்து நாள் முழுக்கத் தாங்கும் என்று நம்பிவிடாதீர்கள். பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுத்து, மூன்று நாளைக்கு ஒருமுறை வாளியையும் பானையையும் நிரப்பச் சொல்லுங்கள். வெண்டை, கத்தரி, அவரையை அவர்களே பறித்துக்கொள்ளட்டும். வெண்டைக்காயை முற்றவிட்டால் செடி காய்ப்பைக் குறைத்துவிடும், ஆகவே அவர்கள் பறிப்பது உங்களுக்கும் உதவிதான். கேரளாவில் அத்தையை மிளகுக் கொடியும் ஏலக்காயும் விளையும் தோட்டம் ஒன்றுக்கு அழைத்துப் போங்கள். மாடித் தோட்டக்காரருக்கு அதைவிடப் பெரிய சுற்றுலா கிடையாது.