சகோதரிகளும் மந்திரமும் வரும் இளையோர் மாயக்கதை நாவல்களில் நீங்கள் மிகவும் ரசித்தது எது?

டயானா வின் ஜோன்ஸ் எழுதிய 'ஹவுல்ஸ் மூவிங் காஸில்'. இதைச் சொல்ல எனக்கு யோசனையே தேவையில்லை. 1986-இல் வெளிவந்த ஆங்கில நாவல் இது. ஹயாவோ மியாசாகி 2004-இல் எடுத்த அனிமேஷன் படத்தின் வழியாகத்தான் பலருக்கும் இந்தப் பெயர் பழக்கம். படம் அழகானதுதான். ஆனால் நீங்கள் கேட்ட சகோதரிகளை அதில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். மூவரில் கடைசிப் பெண் படத்தில் நேரில் வருவதே இல்லை. நடுப்பெண் தலைகாட்டிவிட்டுப் போய்விடுகிறாள். நாவலிலோ கதையின் வேரே அந்த மூன்று பெண்கள்தான்.

இங்கரி என்று ஒரு நாடு. ஒரே எட்டில் காததூரம் தாண்டவைக்கும் காலணியும், போர்த்திக்கொண்டால் ஆளை மறைத்துவிடும் மாயப் போர்வையும் அங்கே நிஜமாகவே இருக்கின்றன. அப்படியானால் தேவதைக் கதைகளின் சட்டமும் அங்கே செல்லுபடியாகத்தானே வேண்டும்? மூன்று பிள்ளைகள் அதிர்ஷ்டம் தேடிக் கிளம்பினால் முதலில் தோற்பது மூத்தது; அதுவும் படுமோசமாகத் தோற்கும். ஜெயிப்பது கடைக்குட்டி. இது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தொப்பிக் கடைக்காரரின் மூத்த மகள் சோஃபி நிறையப் படிக்கிறவள். படிக்கப் படிக்க, தனக்கு எதிர்காலம் என்று ஒன்று கிடையாது என்ற முடிவு அவளுக்குள் இறுகிப்போகிறது.

அப்பா திடீரென்று இறந்துவிடுகிறார். கடன் மட்டும் மிஞ்சுகிறது. சிற்றன்னை ஃபேனி மூவருக்கும் ஒரு வழி செய்கிறாள். அழகி லெட்டி பேர்போன கேக் கடைக்கு வேலை பழகப் போகிறாள். ஃபேனியின் சொந்த மகளான மார்த்தா மந்திரம் கற்க ஒரு மூதாட்டியிடம் போகிறாள். சோஃபிக்குத் தொப்பிக் கடை. அவள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்குச் சற்றுப் பின்னால் வருகிறது. மே தினத் திருவிழாக் கூட்டத்தில் நடுங்கிக்கொண்டே போய் லெட்டியைப் பார்க்கிறாள் சோஃபி. எதிரே ஸ்டூலில் இருப்பது லெட்டியின் முகம், லெட்டியின் நீல உடை. ஆனால் "நான் மார்த்தா" என்கிறாள் அந்தப் பெண். முன்பு ஒருநாள் லெட்டியின் பட்டு உள்ளாடையை வெட்டிக்கொண்டிருந்தபோது சோஃபியிடம் அகப்பட்டது யார் என்று கேட்கிறாள். லெட்டிக்குத் தெரியாத ரகசியம் அது. அதன் பிறகுதான் தலையை ஒருபக்கமாகச் சாய்க்கும் விதமும், முழங்காலைக் கட்டிக்கொண்டு கட்டைவிரல்களைச் சுழற்றும் பழக்கமும் சோஃபியின் கண்ணில் படுகின்றன. இரண்டு தங்கைகளும் மந்திரத்தால் உருவத்தை மாற்றிக்கொண்டு இடம் மாறியிருக்கிறார்கள். லெட்டிக்கு மந்திரம் படிக்க ஆசை. மார்த்தாவுக்குக் கல்யாணம் செய்துகொண்டு பத்துப் பிள்ளைகள் பெற ஆசை. உருவம் மாறினாலும் கட்டைவிரலை வைத்து ஆளை அடையாளம் காண்பது கூடவே வளர்ந்தவர்களால்தான் முடியும்.

அதே உட்காரலில் மார்த்தா அக்காவுக்கு ஒரு உண்மையையும் எடுத்துச் சொல்கிறாள். ஒருவரைச் சுரண்ட வேண்டுமென்றால் அவரிடம் கடுமையாக நடந்துகொள்ள வேண்டியதில்லை. ஃபேனிக்கு அது நன்றாகத் தெரியும் என்கிறாள். தன்னைப் பெற்ற தாயைப் பற்றித்தான் அப்படிச் சொல்கிறாள்! சோஃபிக்குச் சம்பளம் கிடையாது, ராப்பகலாகத் தொப்பி தைக்கிறாள், ஃபேனியோ வெளியே சுற்றிக்கொண்டிருக்கிறாள். நானும் வீட்டில் மூத்தவள். "நீ பொறுப்பான பெண்" என்ற பாராட்டுக்குள் எத்தனை வேலைகளை ஒளித்துவைக்க முடியும் என்று எனக்குத் தெரியும். அதனால் இந்தப் பக்கத்தை மட்டும் தனியாக எடுத்து மறுபடி மறுபடி படித்திருக்கிறேன்.

ஆனால் ஃபேனியைக் கொடுமைக்காரச் சித்தியாக்கி ஒதுக்கிவிடவில்லை ஜோன்ஸ். கதையின் பின்பகுதியில் பணக்காரரை மணந்துகொண்டு பகட்டாக வரும் ஃபேனி, சோஃபியைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு அழுகிறாள். அந்த அழுகை பொய்யில்லை. அக்கா தங்கைகள் மூவரில் ஒருத்தி வேறு தாய்க்குப் பிறந்தவள் என்பதும் அவர்களுக்கிடையே ஒரு பொருட்டாகவே வருவதில்லை. இதைப் பற்றி விளக்கவுரை எதுவும் கொடுக்காமல் ஆசிரியர் அப்படியே விட்டுவிடுவது எனக்கு மிகவும் பிடிக்கும்.

இனி மந்திரம். தனியாகத் தைத்துக்கொண்டிருக்கும் சோஃபி பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் தொப்பிகளோடு பேசுகிறாள். உனக்குத் தங்கமான மனசு, பெரிய இடத்து ஆள் ஒருவர் அதைக் கண்டு உன்னைக் காதலிப்பார் என்று ஒரு தொப்பியிடம் சொல்கிறாள். அதை வாங்கிப்போன பெண் ஒரு பிரபுவோடு கிளம்பிவிடுகிறாள். தொப்பி வியாபாரம் சூடுபிடிக்கிறது. காரணம் தன் வாய்ச்சொல்தான் என்று சோஃபிக்கு மட்டும் தோன்றவே இல்லை. மூத்தவளுக்கு எங்கிருந்து வரும் மந்திரம்? இந்த நாவலின் மந்திரம் எனக்கு நெருக்கமாகப் படுவதற்கு இதுதான் காரணம். மந்திரக்கோல் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, வம்சப் பெருமை இல்லை. வேலை செய்துகொண்டே ஒரு பெண் முணுமுணுப்பது பலிக்கிறது. அவ்வளவுதான்.

பிறகு பாலைச் சூனியக்காரி கடைக்குள் நுழைந்து அவளைக் கிழவியாக்கிவிடுகிறாள். இது சாபம் என்றுதான் பெயர். சோஃபிக்கோ அது விடுதலை! கூட்டத்தைக் கண்டால் ஒடுங்கிய பெண், மந்திரவாதி ஹவுலின் நகரும் கோட்டைக்குள் யாரிடமும் கேட்காமல் நுழைகிறாள். அங்கே அடுப்பில் இருப்பது கால்சிஃபர் என்ற நெருப்புப் பூதம். ஹவுலைத் தவிர வேறு யாருக்கும் தலைவணங்காத அதை அதட்டி, குனியவைத்து, அதன் தலையில் வாணலியை வைத்துப் பன்றி இறைச்சி வறுக்கிறாள். வீடு திரும்பும் ஹவுல் திகைத்துப்போகிறான். மூட்டு வலிப்பதாக முனகியபடி எல்லோரையும் விரட்டி வேலை வாங்கும் அந்தக் கிழவிதான், என்னைப் பொறுத்தவரை, இளையோர் நாவல்களில் வந்த சிறந்த கதாநாயகி.

நாவலின் உயிர்நிலை என்று நான் நினைப்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன், முடிவை உடைக்கவில்லை. சாபத்தை எடுக்கத் தான் முயன்று பார்த்ததாக ஹவுல் ஓரிடத்தில் சொல்கிறான். அது நீங்கவில்லை. அந்த வேடம் சோஃபிக்குப் பிடித்திருக்கிறது, அவளே அதைப் பிடித்துவைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவன் கண்டுபிடிப்பு. தொப்பிக்கு வாழ்வு கொடுத்த அதே வாயால் தன்னைப் பற்றி அவள் இத்தனை காலம் என்ன சொல்லிக்கொண்டிருந்தாள் என்பதை அப்போது எண்ணிப் பாருங்கள். மூத்தவள் தோற்பாள் என்ற அந்த முதல் பக்கத்துச் சட்டத்தை வேறு யார் நிலைநிறுத்தினார்கள்?

ஜோன்ஸும் மூன்று சகோதரிகளில் மூத்தவர். அடுத்தவர் இஸபெல் ஆம்ஸ்ட்ராங் இலக்கிய விமர்சகர். கடைசி உர்சுலா ஜோன்ஸ் நடிகை, சிறார் எழுத்தாளர். அக்கா தங்கைகளின் சண்டையும் பாசமும் இந்த நாவலில் செயற்கையாக ஒட்டவைத்ததுபோல் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நம்புகிறேன்.

குறை இல்லாமல் இல்லை. கடைசி அத்தியாயத்தில் எல்லா முடிச்சுகளும் ஒரே மூச்சில் அவிழ்கின்றன. நாய் யார், சோளக்கொல்லைப் பொம்மை யார், யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்பதெல்லாம் படபடவென்று வந்து விழுகிறது. நிதானமாகப் படிக்காவிட்டால் பாதி தவறிப்போகும். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் ஒவ்வொன்றுக்கும் முன்பே தடயம் வைத்திருப்பது தெரியும். உதாரணமாக, நம் உலகத்தில் பள்ளிக்கூடம் போகும் ஹவுலின் சகோதரி மகனுடைய வீட்டுப்பாடத் தாள் வழிதவறி இங்கரிக்கு வந்துசேர்கிறது. அதில் இருப்பது ஆங்கிலக் கவிஞர் ஜான் டன் எழுதிய கவிதை. அதன் வரிகள் ஒவ்வொன்றாக ஹவுலின் மேல் சாபமாகப் பலிக்கின்றன. முதல் வாசிப்பில் கதை எங்கோ விலகிப் போவதுபோல் தோன்றும் பகுதி அது.

'காஸில் இன் தி ஏர்' (1990), 'ஹவுஸ் ஆஃப் மெனி வேஸ்' (2008) என்று தொடர்ச்சிகளும் உண்டு. அவற்றில் மையப் பாத்திரங்கள் வேறு. சோஃபியும் ஹவுலும் பிற்பாடுதான் வருவார்கள். சகோதரிகளுக்காகப் படிப்பதென்றால் முதல் நூலே போதும். ஆங்கிலமும் எளிது, பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் தாமாகவே படித்துவிடலாம். படம் பார்த்தவர்கள் அதை மனத்திலிருந்து கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டுத் தொடங்குங்கள். நாவலின் ஹவுல் இன்னும் சோம்பேறி, இன்னும் வேஷக்காரன். சோஃபிக்கு இன்னும் வாய் அதிகம்.