சட்டக் கல்லூரி வகுப்பில் யார் பேச வேண்டும்? கேள்வி பதில்

சென்னையில் ஒப்பந்தச் சட்டம் நடத்துகிற ஆசிரியர் நான். சட்ட வகுப்புகளைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

பெருங்குடி மாணவி: மாணவர்களே விவாதிக்கிற வகுப்பில் உண்மையில் என்ன நடக்கும்?

லால்மன் சுக்லா வழக்கையே பாருங்கள் (அலகாபாத், 1913). காணாமல் போன பையனைத் தேட முதலாளி தன் கணக்குப்பிள்ளையை ஹரித்வாருக்கு அனுப்புகிறார். அவர் கிளம்பிய பிறகு, கண்டுபிடிப்பவருக்கு 501 ரூபாய் என்று அறிவிப்பு வருகிறது. அது தெரியாமலேயே அவர் பையனைக் கண்டுபிடித்துவிடுகிறார். பணம் கேட்டுப் போட்ட வழக்கு தோற்றது. விரிவுரையில் இது ஒரு வரி: 'தெரியாத முன்மொழிவை ஏற்க முடியாது.' எழுதிக்கொண்டு போய்விடலாம்.

என் வகுப்பில் தீர்ப்பை முதலில் சொல்ல மாட்டேன். பாதிப் பேர் கணக்குப்பிள்ளை பக்கம், பாதிப் பேர் முதலாளி பக்கம். நிபந்தனையை நிறைவேற்றினாலே ஏற்புதான் என்கிறது பிரிவு 8. தெரிந்திருக்க வேண்டும் என்று அதில் எங்கே இருக்கிறது என்று ஒரு பெண் கேட்பாள். எதிர்ப்பக்கம் புத்தகத்தைப் புரட்டி, சம்மதத்தைத் தெரிவிக்க வேண்டும் என்கிற பிரிவு 2(ஆ)-வைப் பிடிக்கும். அப்புறம் நான் கேட்பேன்: அறிவிப்பு முதல் நாளே வந்திருந்தால்? தேடுவது ஏற்கெனவே அவர் வேலைதானே? அந்தப் பிரிவு இரண்டும் பிறகு மறக்காது.

அம்பத்தூர் மாணவர்: எந்த கைடு நல்லது?

எதுவும் வேண்டாம். பேர் ஆக்ட் (உரை, விளக்கம் இல்லாத சட்டப் புத்தகம்) வாங்குங்கள்.

ஓர் இளம் ஆசிரியர்: மாணவர்கள் பங்கேற்கிற வகுப்பைவிட விரிவுரை வகுப்பில் ஒன்றரை மடங்கு பேர் தோற்கிறார்கள் என்று 2014இல் வந்த ஆய்வு சொல்கிறதே, விரிவுரையை விட்டுவிடலாமா?

அது அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளின் தொகுப்பு. சட்டத்துக்கு அப்படியே பொருத்தாதீர்கள். கொலைக்குத் தண்டனை சொன்ன பழைய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 302, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்போது பிரிவு 103. இந்த மாதிரி, எந்தப் பிரிவு எங்கே போனது என்கிற பட்டியலை இருபது நிமிடம் விரிவுரையாகச் சொல்வதே நல்லது.

உயர் நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவர்: நாங்கள் விரிவுரை கேட்டுத்தான் வந்தோம். தொழிலை சீனியர் வக்கீலின் சேம்பரில் (அலுவலகத்தில்) கற்றோம். கல்லூரியில் இதெல்லாம் எதற்கு?

ஐயா, நீங்கள் எழுதிய மனுவை சீனியர் அடித்துத் திருத்தி, 'ஏன் இந்தப் பிரிவு?' என்று கேட்டாரே, நான் கேட்பதும் அதே பயிற்சிதான். குடும்பத்தில் வக்கீலே இல்லாத பிள்ளைக்கு அப்படி ஒரு சேம்பர் எளிதில் கிடைக்காது. அவர்களுக்கு வகுப்பறையை விட்டால் வேறு இடம் இல்லை.

அவரே மீண்டும்: எண்பது பேர் வகுப்பில் ஆங்கிலம் வருகிற நாலு பேர்தான் பேசுவார்கள். மற்றவர்களுக்கு விரிவுரைதான் நியாயம்.

குறை உண்மைதான். 1870களில் ஹார்வர்டில் லாங்டெல் தொடங்கியதுபோல எல்லார் முன்னாலும் எழுப்பிக் கேள்வி கேட்டால் பயந்த பிள்ளை இன்னும் ஒடுங்கிப்போகும். அதனால் முதலில் ஐந்து வரி எழுதச் சொல்கிறேன், பக்கத்தில் இருப்பவரிடம் பேசச் சொல்கிறேன், பிறகே வருகைப் பதிவேட்டைப் பார்த்துக் கூப்பிடுகிறேன். தமிழில் பேசலாம். நம் கீழமை நீதிமன்றங்களின் மொழியே தமிழ்தானே?

கொளத்தூர் மாணவர்: மூட் கோர்ட் (மாணவர்கள் வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றம்) போதுமா?

போதாது. அதில் குறுக்கு விசாரணை பழக வாய்ப்பு குறைவு. சட்டக் கல்விக்கு விதி வகுக்கும் பார் கவுன்சிலின் 2008 விதிப்படி ஒரு சிவில், ஒரு கிரிமினல் விசாரணையைப் பார்த்து எழுத வேண்டும். நண்பரின் நோட்டைப் பார்த்து எழுதாமல் சைதாப்பேட்டை கோர்ட்டில் போய் உட்காருங்கள்.

தாம்பரம் மாணவி: செமஸ்டருக்கு ஒரு கைடு சொல்லுங்களேன்?

மேலே சொல்லிவிட்டேன், கைடு வேண்டாம்.

ஒரு மாணவர்: பரீட்சை மனப்பாடம்தானே கேட்கிறது?

அதைத்தான் மாற்ற வேண்டும். பட்டம் முடித்தவர்கள் வழக்கறிஞராகத் தொழில் செய்ய எழுதும் அகில இந்திய பார் தேர்வுக்கே குறிப்பில்லாத பேர் ஆக்டைக் கொண்டுபோகலாம். பருவத் தேர்விலும் அதை அனுமதிக்கச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்கு எழுதுங்கள். மாதிரி வினாத்தாளை நான் தயாரித்துத் தருகிறேன்.