1952 மேன்டில் அட்டை: முதலில் அளந்து பாருங்கள்

பழைய சாமான் விற்பனையில் வாங்கிய பெட்டியில், அமெரிக்க பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் படம் போட்ட 1952 அட்டை (எண் 311, வெளியிட்டது டாப்ஸ் நிறுவனம்) கிடைத்ததாகச் சொல்லி, தரச்சான்றுக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் கட்டுமுன் ஒரு ஸ்கேலை எடுங்கள். அசல் 2⅝ அங்குல அகலம், 3¾ அங்குல உயரம். இன்றைய 2½க்கு 3½ அளவுக்கு டாப்ஸ் வந்தது 1957இல்தான். 1983இல் அவர்களே போட்ட மறுபதிப்பும் இந்தச் சின்ன அளவுதான். உங்களுடையது அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். அளவு பொருந்தினால் மட்டும், அட்டை அசல்தானா என்று சோதித்துத் தரச்சான்று தரும் பிஎஸ்ஏ போன்ற நிறுவனத்துக்கு அனுப்புங்கள். சரியான அளவிலும் போலிகள் உண்டு.

அசலுக்கு ஏன் இத்தனை மவுசு? இந்த அட்டை அடங்கிய வரிசை பேஸ்பால் சீசன் முடியும் நேரத்தில் வந்ததால் விற்கவில்லை. மிஞ்சியவற்றை 1960இல் படகில் ஏற்றி அட்லாண்டிக்கில் கொட்டியதாக டாப்ஸ் அதிகாரி சை பெர்கரே சொல்லியிருக்கிறார். 2022இல் ஒரு மேன்டில் 1.26 கோடி டாலருக்குப் போனது!

அப்புறம், பெட்டியில் மீதி இருக்கும் 1988–91 டான்ரஸ் (இன்னொரு அட்டை நிறுவனம்) அட்டைகள்: அளவுக்கு மீறி அச்சடித்தவை, தபால் செலவுக்கே தேறாது. அப்பர் டெக் நிறுவனம் 1989இல் போட்ட, பேஸ்பால் வீரர் கென் கிரிஃபி ஜூனியரின் அட்டை இருந்தால் மட்டும் தனியே எடுத்து வையுங்கள்.